மூன்று விதமாக டீசர்ட் அடித்துப் பார்த்தோம், உப்புத்தண்ணீரில் நின்றது எது?

எங்கள் ஊர் பாம்பன். கபடி டீமுக்கு டீசர்ட் அடிக்கும் பொறுப்பு 2021-இல் இருந்து என்னிடம்தான். இதுவரை மூன்று முறையிலும் அடித்துவிட்டோம், விளையாட மட்டுமில்லாமல் கடலுக்கும் போட்டுப் போயிருக்கிறோம், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி (ஸ்கிரீன்) வழியாக மையைத் தள்ளி அடிப்பது. கருநீலக் காட்டனில் வெள்ளை எழுத்து, 40 சட்டை. ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும் என்பதால் நாலைந்து கலரோ பத்துப் பதினைந்து சட்டையோ கேட்டால் இது கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஒரே கலர், மலிவாகவே முடிந்தது.

அடுத்த வருடம் 12 பேர்தான். பாலம், படகு எல்லாம் வைத்துப் பல கலரில் டிசைன், அதனால் டிடிஎஃப் (டைரக்ட் டு பிலிம்). படத்தை பிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் சட்டைமேல் ஒட்டுகிறார்கள். கையில் வாங்கியபோது போட்டோ மாதிரி இருந்தது. ஆனால் முதுகு முழுக்க அடித்தது பெரிய தப்பு. அந்த இடத்தில் காற்றே போகாது, மதிய வெயிலில் வலை இழுக்கும்போது ரப்பர் ஷீட்டை முதுகில் ஒட்டிக்கொண்ட மாதிரி வேகும். நனைந்த சட்டையைப் படகிலேயே காயப்போட்டு, உப்பு விறைத்து, மறுபடி நனைத்து என்று போக, எட்டாவது மாதம் ஓரங்கள் கிளம்பிவிட்டன. அயர்ன் பெட்டியை நேராக மேலே வைத்த தம்பிக்கு டிசைன் அன்றைக்கே குழைந்துவிட்டது. நெஞ்சில் சின்னதாக ஒரு லோகோ மட்டும் என்றால் டிடிஎஃப்பை இன்றைக்கும் சொல்வேன்.

உண்மையான சோதனை அம்மா செய்ததுதான். பாசி எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் என் பழைய டீசர்ட்டைத்தான் போட்டுக்கொள்வார், மணிக்கணக்கில் கடலுக்குள் இருக்கும் வேலை அது. 2021 சட்டையில் துணி வெளுத்து நீலம் சாம்பலாகிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. டிடிஎஃப் சட்டையில் பாலத்தில் பாதிதான் மிச்சம்.

மூன்றாவது சப்ளிமேஷன் ஜெர்சி. சூட்டில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே போய்விடுவதால் உரிந்துவர எதுவும் இல்லை, கையால் தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது. சீக்கிரம் காயும். ஆனால் வெள்ளை அல்லது வெளிர் நிற பாலியஸ்டரில்தான் எடுபடும், காட்டனுக்கு ஆகாது. இன்னொன்று, வியர்வையும் மீன் வாடையும் பாலியஸ்டரை விட்டு லேசில் போகாது, இரண்டு தரம் துவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) எல்லோரும் கரையில் இருப்பார்கள், போட்டியும் உண்டு. களத்துக்கு சப்ளிமேஷன், படகுக்குக் காட்டனில் ஒரே கலர் ஸ்கிரீன் பிரிண்ட் என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் ஸ்கிரீன் பிரிண்ட் வாங்கும்போது கடையிலேயே அந்த இடத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் மை சூட்டில் சரியாக வேகவில்லை, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துவைக்கும்போது எந்தப் பிரிண்டாக இருந்தாலும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், காயப்போடுவதும் அப்படியே.

காட்டன் சட்டை 40 போதும் என்றார்கள். அம்மாவுக்கும் சேர்த்து 41 சொல்லியிருக்கிறேன்.