3 கிலோவாட் சோலார்: பேனல் அருமை, ஒயர்தான் படுத்தியது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் ஓடுகிறது; அதாவது தெரு லைனோடு இணைந்தது, மிச்சமாகும் கரண்ட் லைனுக்குப் போய்விடும். மத்திய அரசின் சூர்ய கர் சோலார் திட்டத்தின் ரூ.78,000 மானியம் நேராக வங்கிக் கணக்குக்கே வந்துவிட்டது. நல்ல வெயிலடித்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை கிடைக்கிறது. பேனலிலும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரிலும் எனக்குக் குறையே இல்லை.

மாட்டிக் கொடுத்தவர்கள் மேல்தான் வருத்தம். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றது. திரையில் பார்த்தால் வோல்டேஜ் 254. இருக்க வேண்டியது 230. 253-ஐத் தாண்டினால் எங்கள் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். போன் செய்தால், “லைன்ல பிரச்சினை சார், கரண்ட் ஆபீஸ்ல சொல்லுங்க” என்றார்கள்.

அது பாதி உண்மை. மதியம் தெருவில் கரண்ட் செலவு குறைவு. சோலார் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே லைனில் திருப்பி அனுப்பினால் வோல்டேஜ் ஏறத்தான் செய்யும். ஆனால் எங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டு முனையிலும் அளந்தார்: கீழே மீட்டரில் 249, மாடியில் 254. நடுவே இருந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். ஒயர் மெல்லியதாக இருந்தால், அதன் தடையை மீறி வெளியே தள்ள இன்வெர்ட்டர் வோல்டேஜை இன்னும் ஏற்ற வேண்டியிருக்கிறது. 6 ஸ்கொயர் எம்எம் இழுத்ததும் நிற்பது நின்றது. இதை அவர்களே முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போது தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பகல் 11 மணிக்கு மேல்தான். நம் கரண்ட் நம் வீட்டிலேயே செலவானால் லைனுக்கும் பாரம் குறையும். சாயங்காலம் பேனல் ஓய்ந்துவிடும், அந்த நேரம் பார்த்து ஊரே லைட்டும் ஏசியும் போடும். அப்போது நெய்வேலி மாதிரி அனல் நிலையங்கள்தான் கைகொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மோட்டாரையும் போடுவது நியாயமில்லை.

அப்புறம் ஒன்று. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் சோலார் கரண்ட் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று, அவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. 2011-இல் வந்த ‘தானே’ என்ற புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்த ஊர் இது; அந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும். “புயலிலும் கரண்ட் இருக்கும்” என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

தாராளமாக வாங்கலாம். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை எத்தனை ஸ்கொயர் எம்எம் ஒயர் என்பதை மட்டும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.