நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் வரை: ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்களுடன் ஐந்து ஆண்டுகள்

நாகர்கோவிலில் தலைமை அலுவலகமும் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் ஆகிய மூன்று ஊர்களில் கிளைகளும் கொண்ட ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. மொத்தம் இருபத்தாறு கணினிகள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும் வரையில், ஒரு பிரிண்டர் அடம்பிடித்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவதுதான் வழக்கம். குலசேகரத்துக்குப் போய்த் திரும்பினால் அரை நாள் கழிந்துவிடும்; அங்கே போய்ப் பார்த்தால் கேபிள் கழன்றிருக்கும். ஊரடங்கு அந்த வழக்கத்தை ஒரே வாரத்தில் முடித்துவைத்தது. அன்று முதல், தொலைவில் உள்ள கணினியின் திரையை நம் திரையில் பார்த்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்களில், விண்டோஸுடன் வரும் ஆர்டிபி, எண் கொடுத்து இணையும் எனிடெஸ்க் வகை மென்பொருள்கள், நாமே சர்வர் வைத்து நடத்தும் ரஸ்ட்டெஸ்க் ஆகிய மூன்று வகைகளையும் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன்.

எங்கள் கிளைகளிலிருந்து வரும் புகார் எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: "கனெக்ட் ஆகல." இந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன என்பதையும், அவற்றில் பெரும்பாலானவை மென்பொருளுக்கு வெளியே, அதாவது வழியிலோ கணக்கிலோ கணினியின் கடிகாரத்திலோ இருக்கின்றன என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு நான் செய்ததெல்லாம் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதுதான். அது ஒருமுறைகூடப் பயன்பட்டதாக நினைவில்லை.

முதலில் ஆர்டிபி. வேகத்தில் இதற்கு இணையானதை நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்து, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கிளை ஓடிக்கொண்டிருக்கும் நாளிலும், பின்னணிப் படத்தையும் அசைவுகளையும் நிறுத்திவிட்டால் கணக்கு மென்பொருளில் தடையின்றி வேலை செய்யலாம். ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து வரும் ஆர்டிபி இணைப்பை ஏற்கும் வசதி கிடையாது. ப்ரோ பதிப்பு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய கணினிகளுக்காகப் பின்னர் கூடுதல் பணம் செலவழித்தோம். மற்றொரு பெரிய எச்சரிக்கை 3389 என்ற போர்ட் எண்ணைப் பற்றியது. போர்ட் என்பது கணினிக்குள் இணைப்பு வந்துசேரும் எண்ணிட்ட வாசல். ஆர்டிபி இயல்பாகக் காத்திருப்பது அந்த எண்ணில்தான் என்பதை உலகம் முழுவதும் உள்ள திருடர்கள் அறிவார்கள். 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்துவிட முடியும் என்ற நிலை இருந்தது. எனவே ரூட்டரில் அந்தப் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும் பழக்கத்தை யார் வைத்திருந்தாலும் இன்றே அடைத்துவிட வேண்டும். நாங்கள் வயர்கார்ட் என்ற விபிஎன், அதாவது இணையத்துக்குள் நமக்கு மட்டும் அமைத்துக்கொள்ளும் பாதுகாப்பான தனிவழி, மூலமாக மட்டுமே ஆர்டிபியை அனுமதிக்கிறோம்.

ஆர்டிபியில் எங்களை அதிகமாகத் தடுமாறவைத்தது டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். தணிக்கை அலுவலகத்துக்கு அது உயிர்நாடி. ஒரு செப்டம்பர் கடைசி வாரத்தில், வருமான வரித் தணிக்கை அறிக்கைகள் குவிந்திருந்த நேரத்தில், தக்கலை அலுவலகக் கணினியில் டோக்கனைச் செருகிவைத்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஆர்டிபி வழியாகக் கையெழுத்திட மூத்த கணக்காளர் முயன்றார். கையெழுத்து மென்பொருள் டோக்கனே இல்லை என்றது. அங்கிருந்த அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, டோக்கன்ல லைட்டு எரியுது. இங்க இருக்க கம்ப்யூட்டர்ல பாத்தா பேரும் காட்டிச்சு. நீங்க உள்ள வந்ததும் காணாம போயிட்டு" என்றார். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் விடை முழுவதும் இருந்தது. நான்தான் அதைக் கவனிக்காமல், டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருளை மூன்று முறை நிறுவிக்கொண்டிருந்தேன். ஆர்டிபியில் நுழையும்போது, இந்த டோக்கன் போன்ற ஸ்மார்ட் கார்டு வகைச் சாதனங்களைப் பொறுத்தவரை, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக் கணினியில் செருகியிருப்பதுதான் அந்த அமர்வுக்குத் தெரியும். எட்டத்தில் இருக்கும் கணினியில் செருகியிருப்பது தெரியாது. இது கோளாறில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆகவே டோக்கனை வீட்டுக் கணினியில் செருகி, ஆர்டிபியின் உள்ளூர் வளங்கள் பகுதியில் ஸ்மார்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் டிரைவர் நிறுவ வேண்டும். அல்லது அங்கிருப்பவர் பார்க்கும் அதே திரையை நமக்குக் காட்டுகிற எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற ஒன்றின் வழியாக நுழைய வேண்டும். அன்று இரவு இரண்டாவது வழியில் நுழைந்து, பதினொரு மணிக்குக் கடைசி அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த அக்கா அதுவரை அலுவலகத்திலேயே இருந்தார்.

எண் கொடுத்து இணையும் மென்பொருள்களின் வசதி வெளிப்படையானது. இரண்டு பக்கமும் வெளியே உள்ள ஒரு சர்வரைத் தேடிப்போவதால், ரூட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. எனிடெஸ்க் 80, 443, 6568 ஆகிய போர்ட்டுகளிலும், அதே வகையைச் சேர்ந்த டீம்வியூவர் முதலில் 5938-லும் அது அடைபட்டிருந்தால் 443, 80 ஆகியவற்றிலும் வெளியே செல்லும். இணைப்புகளை வடிகட்டித் தடுக்கும் அலுவலக ஃபயர்வால் கடுமையாக இருந்தால் இணைப்பு நேரடியாக அமையாமல் இடைச் சர்வர் வழியாகச் சுற்றிவரும். அப்போது சுட்டி ஒரு நொடி பின்தங்கி நகரும். "நெட் ஸ்லோ" என்று இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்பு, இணைப்பு நேரடியானதா சுற்றுவழியா என்பதை மென்பொருளின் தகவல் பகுதியில் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: நிறுவாமல் நேரடியாக இயக்கும் சிறு கோப்பைப் பயன்படுத்தினால், நிர்வாகி அனுமதி கேட்கும் விண்டோஸ் கட்டம் தோன்றும் நொடியில் நம் பக்கத் திரை உறைந்துவிடும், அங்கே ஒருவர் "ஆம்" என்பதை அழுத்தும் வரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. முறையாக நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இலவசப் பதிப்பை அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவது உரிமத்துக்குப் புறம்பானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரடங்கின் தொடக்கத்தில் நாங்களும் அந்தத் தவற்றைச் செய்தோம். ஐந்து ஐந்து நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது அதில் நியாயம் இருந்தது.

2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, பழைய சான்றிதழ்களை விலக்கி, புதிய பதிப்பை வெளியிட்டது. அன்றே எல்லாக் கணினிகளிலும் கடவுச்சொற்களை மாற்றினேன். நம் அலுவலகத்தின் சாவி வேறொருவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்ற உணர்வு அப்போதுதான் அழுத்தமாக வந்தது. ரஸ்ட்டெஸ்க்குக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

ரஸ்ட்டெஸ்க் திறந்த மூல மென்பொருள். அதன் சர்வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. தலைமை அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரி வாங்கி, பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ரஸ்ட்டெஸ்க் சர்வருக்கான இரண்டு சேவைகளையும் ஓடவிட்டேன். கிளைகளில் இது சாத்தியமில்லை. அங்குள்ள ரூட்டர்களின் வெளிப்பக்க முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையிலான தொகுப்பில் இருக்கிறது. அப்படியிருந்தால் இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்துகொடுத்திருக்கிறது என்று பொருள். ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்துசேர முடியாது. தரவு செல்லும் முறைகளில் டிசிபி, யுடிபி என்று இரண்டு உண்டு; சர்வர் பக்கத்தில் 21115 முதல் 21117 வரையிலான போர்ட்டுகளை டிசிபியில் மட்டும் திறந்தேன். எந்தக் கணினியும் ஆன்லைனில் தெரியவில்லை. 21116 மட்டும் யுடிபியிலும் திறந்திருக்க வேண்டும் என்பதையும், எண் பதிவாவதும் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கணினி அவ்வப்போது தெரிவிப்பதும் அதன் வழியாகத்தான் என்பதையும் ஒரு நாள் முழுக்கத் தேடிய பிறகு கண்டுபிடித்தேன். அதன் பிறகு கிளைகள் எல்லாம் இணைந்தன. சர்வருக்குப் பக்கத்து மேசையில் இருந்த கணினிகள் மட்டும் இணையவில்லை. சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளிவாசல் முகவரியைக் கேட்டு வருபவரை எங்கள் ரூட்டர் திருப்பிவிடத் தெரியாமல் நின்றது. சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அலுவலகத்துக்குள் கேட்டால் உள் முகவரியும் வெளியே கேட்டால் பொது முகவரியும் கிடைக்கும்படி, பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைத்ததும் சரியாயிற்று.

குலசேகரத்தில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த அந்தப் பகுதியில் அக்டோபர் இடிமழைக்கு மின்சாரம் போவதும் வருவதும் சாதாரணம். அப்படியொரு இரவுக்கு அடுத்த காலை, ஐந்து கணினிகளில் ஒன்று மட்டும் எந்த வழியிலும் கிடைக்கவில்லை. வயர்கார்ட் இணையவில்லை, அதனால் ஆர்டிபியும் இல்லை. இடி தாக்கி நெட்வொர்க் கார்டு போயிருக்கும் என்று முடிவு செய்து, புதிய கார்டையும் பையில் எடுத்துவைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்பு ஒரு சந்தேகத்தில் அங்குள்ள தம்பியை அழைத்து, பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறக்கச் சொன்னேன். "தேதி தப்பா இருக்குன்னு சொல்லுது அண்ணே. கீழ 2016 ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது" என்றார். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய நாளுக்குப் போய்விட்டது. வயர்கார்ட் இணைப்பைத் தொடங்க ஒவ்வொரு முறை மறுபக்கத்துடன் கைகுலுக்கும்போதும் நேர முத்திரை ஒன்றை அனுப்புகிறது. முன்பு வந்த முத்திரையைவிடப் பழையதாக இருந்தால், பழைய செய்தியை யாரோ திரும்ப அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று கருதி மறுபக்கம் அதைப் புறக்கணித்துவிடுகிறது. விண்டோஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். அலுவலகக் கணினிகளை ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் என்ற அமைப்பில் சேராத கணினியில், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் இயல்பான அமைப்பில் அது தானாகத் திருத்தாது. அந்தத் தம்பி தேதியைக் கையால் மாற்றிய அடுத்த நிமிடத்தில் கணினி என் திரையில் வந்துவிட்டது. அன்று முதல், புகார் வந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி "கீழே தேதி என்ன காட்டுகிறது?" என்பதுதான்.

அதற்கு அடுத்த வரிசையும் எனக்குப் பழகிவிட்டது. முதலில், எதிர்ப்பக்கக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை. பதில் இல்லையென்றால் வழியிலோ மின்சாரத்திலோ சிக்கல். ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுப்பதும் உண்டு என்பதால், அதை வைத்து மட்டும் முடிவுக்கு வருவதில்லை. பிறகு விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையால் குறிப்பிட்ட போர்ட்டைத் தட்டிப் பார்ப்பேன். போர்ட் திறந்திருந்தும் நுழைய முடியவில்லையென்றால் வழி சரியாக இருக்கிறது, கணக்கில்தான் சிக்கல். பாதிப் பேர் அன்றாடம் நான்கு இலக்கப் பின் எண்ணால் கணினியைத் திறந்து பழகி, உண்மையான கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள். ஆர்டிபிக்கு அந்தப் பின் செல்லாது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் தொலைவிலிருந்து உள்ளே விடாது.

நுழைந்த பிறகு திரை கறுப்பாகவே நிற்பது வேறு வகை. வீட்டிலிருந்து கைப்பேசி இணையத்தில் வேலை பார்த்த ஊழியர் ஒருவருக்கு இது தினமும் நடந்தது. இணையத்தில் தரவு செல்லும் துண்டுகளான பாக்கெட்டுகளில் சிறியவை போய்ச்சேர்ந்தன. படத்தைச் சுமந்த பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலைந்தன. கம்பிவழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வயர்கார்ட் தன் உறையைச் சுற்ற 60 முதல் 80 பைட் எடுத்துக்கொள்ளும். இடைவழி இதைவிடக் குறுகலாக இருந்தால் பெரியவை நுழையாது. அவருடைய வயர்கார்ட் அமைப்பில், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியூ மதிப்பை 1280 ஆகக் குறைத்ததும் திரை வந்தது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ்99 விசைப்பலகையை இரண்டு பக்கமும் இயக்கிவைத்தால் எழுத்துகள் குழம்பும். நம் பக்கத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கக் கணினியில் மட்டும் தமிழை இயக்க வேண்டும்.

அனுமதி என்ற விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எனிடெஸ்க்கை நிறுவச்சொல்லிப் பணத்தைச் சுருட்டும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. எங்கள் அலுவலகத்தில் நான் இணைவதற்கு முன்பு என் எண்ணிலிருந்து அழைப்பேன். எந்தக் கோப்பைத் தொடப்போகிறேன் என்று சொல்வேன். மேசைக்காரர் ஏற்றுக்கொண்ட பிறகே நுழைவேன். சென்ற ஆண்டு மார்த்தாண்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் இணைப்பு எண்ணைக் கேட்டார். "எங்க சிஸ்டம் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னா மட்டும்தான் தருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, உடனே எனக்கு அழைத்தார். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் நிறைந்த கணினி அது.

இப்போது அன்றாட உதவிக்கும் டோக்கன் வேலைக்கும் ரஸ்ட்டெஸ்க், நீண்ட நேரக் கணக்கு வேலைக்கு வயர்கார்டுக்குள் ஆர்டிபி என்று பிரித்துவைத்திருக்கிறேன். எல்லாக் கணினிகளிலும் தூக்க நிலையை நிறுத்தி, மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி, கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸில் அமைத்து, காசு பேட்டரிகளை மொத்தமாக மாற்றிவிட்டேன். மார்த்தாண்டத்தில் இரண்டு கணினிகள் மட்டும் இன்னும் ஹோம் பதிப்பில் இருக்கின்றன. ஜிஎஸ்டி வேலை சற்றுக் குறையும் ஒரு வாரத்தில் அவற்றையும் மாற்ற வேண்டும்.