பனை நார்க் கட்டில் வாங்கலாமா? ஒரு கோடை பூரா படுத்துப் பாத்துட்டு எழுதுறேன்

வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் மாடிக்குப் போய் ஒரு தடவை படுத்துப் பாத்துட்டு எங்க வாங்குனீங்க எவ்வளவு ஆச்சுன்னு கேக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிப் போட்டுடலாம்னு. ரிவ்யூன்னு வச்சுக்கோங்க, ஆனா கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வாங்குனது பனை நார்ல பின்னுன கட்டில். ஆறடி நீளம், மூணரை அடி அகலம், சட்டமும் காலும் வேப்பமரம், எங்கயும் பிளாஸ்டிக் கெடையாது. வெல 14,000, வண்டி வாடக தனி. இதே அளவுல ஒரு ஆன்லைன் கடையில போட்டோ நல்லா எடுத்து லைட்டு வச்சுப் போட்டுருக்காங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெல, போதாததுக்கு முதுகுவலி போகும் சுகர் கொறையும் ரத்த ஓட்டம் சீராகும்னு கீழ ஒரு பட்டியலே இருக்கு. எனக்குத் தெரிஞ்சு சுகரெல்லாம் கொறையாது, சாப்பாட்டக் கொறச்சாத்தான் கொறையும். முதுகு விஷயத்துக்குப் பொறவு வரேன்.

நான் நேரா பின்னுற எடத்துக்கே போயிட்டேன். உடன்குடி தாண்டி தேரிக்காட்டுப் பக்கம், செம்மண்ணும் பனையுமா கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு நிக்குமே, அங்க. கருப்பட்டிக்குப் பேர்போன ஊருன்னு எல்லாருக்கும் தெரியும், நாருக்கும் அந்தப் பக்கந்தான். வீட்டு முத்தத்துல ஓலைக் கொட்டகைக்குக் கீழ ஒரு அண்ணாச்சி சட்டத்து மேல குத்த வச்சு பின்னிட்டு இருந்தார், பக்கத்துல நனைச்ச சாக்குக்குள்ள நார்க்கட்டு. நார் ஈரமா இருந்தாத்தான் வளைஞ்சு குடுக்கும், காஞ்சு போச்சுன்னா மடக்குற எடத்துலயே முறியும், அதனால அப்பப்ப தண்ணியத் தெளிச்சு தெளிச்சுத்தான் வேல. ஒரு இழைய உள்ள விட்டு அந்தப் பக்கம் எடுத்து, கால சட்டத்துல முட்டுக் குடுத்து, ஒரு இழுப்பு இழுப்பார் பாருங்க, நாரு கிர்ருன்னு ஒரு சத்தம் போடும், உடனே கட்டக் கம்பால அந்த முடிச்சு மேல ஒரு தட்டு. நான் நின்ன நேரம் பூரா இதே இழுப்பு இதே தட்டுதான், ஒரு எடத்துலயும் கை தடுமாறல. உள்ளங்கையில தோலு காஞ்ச மட்ட மாதிரி ஆயிருக்கு. கட்டம் கட்டமா மூலைக்கு மூலை ஓடுற டிசைன், சின்னக் கட்டம் வேணுமா பெருசு வேணுமான்னு கேட்டார், சின்னக் கட்டம்னா நாரும் அதிகம் நாளும் அதிகம், காசும் கூட. நான் நடுத்தரமா சொன்னேன்.

நார் எங்க இருந்து வருதுன்னா மரத்த வெட்டி இல்ல. பனையேறுறவங்க ஓலை கழிக்கும்போது மட்டை கெடைக்கும்ல, அந்த மட்டையில இருந்து உரிச்சு, ஊறப்போட்டு, ஒரே அகலமா வகுந்து எடுக்கணும். மரம் அது பாட்டுக்கு நிக்கும். பனைய வெட்டணும்னாலே இப்ப கலெக்டர் அனுமதி வேணும், 2021ல வேளாண்மைக்குன்னு முதல் தடவையா தனி பட்ஜெட் போட்டாங்கல்ல, அதுல அறிவிச்சது. நல்ல விஷயம்தான், ஆனா மரம் இருந்தா மட்டும் போதுமா, ஏற ஆள் வேணுமே. அண்ணாச்சியும் அதத்தான் சொன்னார், "மரத்துக்கு என்ன கொற தம்பி, ஏறுறதுக்கு ஆளக் காட்டுங்க, நான் நாளைக்கே நாலு கட்டில் பின்னித் தாரேன்"னு. அவர் வீட்டுப் பயலுக ரெண்டு பேரும் வெளியூர்ல வேலையாம். வெலயில நான் பேரம் பேசாததுக்கு அந்தப் பேச்சுதான் காரணம், வேற ஒண்ணுமில்ல.

டெலிவரி அனுபவம் பத்தி எழுதணும்னா அது மாடிப்படி பத்திதான் எழுதணும். நார்க் கட்டில கழட்டி மாட்ட முடியாது, பின்னி முடிச்சா அது ஒரே உருப்படி. எங்க வீட்டு மாடிப்படி திருப்பத்துல கட்டில் திரும்பல. நிமித்தி வச்சா கூரை இடிக்குது, சாய்ச்சா கைப்பிடி இடிக்குது. கடைசில மச்சானும் பக்கத்து வீட்டுப் பையனும் மாடியில நின்னு கயிறு போட்டு, கீழ இருந்து நானும் வண்டிக்காரரும் தூக்கிக் குடுத்து, வெளிப்பக்கமா ஏத்துனோம். தெருவே வேடிக்கை பாத்துச்சு. எங்கம்மா கீழ நின்னுகிட்டு "ஏல, ரூமுல ஏசியப் போட்டு வச்சுட்டு மொட்ட மாடியில போய்க் கெடக்கப் போறானாம், இதுக்கு நாலு பேரு தூக்குதிய"ன்னு ஒரே சிரிப்பு.

சரி, படுத்தா எப்படி இருக்கு. முதல் ரெண்டு மூணு ராத்திரி கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும், பலகையில படுத்த மாதிரி. அப்புறம் நாரு நம்ம ஒடம்புக்கு ஏத்தாப்புல லேசா இறங்கும், அதுக்கு மேல இறங்காது, அதுதான் விஷயம். நைலான் கயித்துக் கட்டில் மாதிரி தொட்டிலாகி நடுவுல குழி விழல. முதுகுவலி எனக்கு இருந்தது போச்சான்னா, காலையில எந்திரிக்கும்போது வர்ற பிடிப்பு இல்ல, அவ்வளவுதான் சொல்ல முடியும், டிஸ்க் பிரச்சினை இருக்கவங்க டாக்டர் சொல்றதக் கேளுங்க, கட்டில் விக்கிறவங்க சொல்றத இல்ல.

குளிர்ச்சி மட்டும் நெசம். ஃபோம் மெத்தை நம்ம ஒடம்புச் சூட்ட அடியில தேக்கி வச்சு நமக்கே திருப்பிக் குடுக்கும், இதுல கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை இருக்கதால அடியில இருந்து காத்து வரும். மொட்ட மாடியில வெறும் பாய விரிச்சுப் படுத்தவங்களுக்குத் தெரியும், பகல் பூரா காஞ்ச தளம் நடு ராத்திரி வரைக்கும் சூட்டக் கக்கிட்டே இருக்கும். கட்டில்னா தரைக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணரை அடி எடவெளி, அந்த எடவெளியில காத்து ஓடுது. சாயங்காலம் ரெண்டு வாளி தண்ணிய தளத்துல ஊத்திட்டு, அது காஞ்சதும் கட்டில இழுத்துப் போட்டீங்கன்னா எட்டு மணிக்கே படுக்கலாம். ஒரு மெல்லிசான கைத்தறிப் போர்வை போதும், மெத்தை போட்டா இந்தக் கட்டில் வாங்குனதுக்கே அர்த்தமில்ல. போர்வையும் போடாம படுத்தா கையில முதுகுல கட்டம் கட்டமா அச்சு விழும், எம்பொண்ணு அதுல விரல வச்சு எண்ணிப் பாப்பா.

இனி எந்த ப்ராடக்ட் ரிவ்யூலயும் வராத விஷயம், மேல பாத்துட்டுப் படுக்குறது. எங்க ஏரியா பாளையங்கோட்டைக்கு வெளிய, தெரு லைட்டு கம்மி. சித்திரை தொடக்கத்துல எட்டு மணி வாக்குல தென்மேக்குல ஒரு நட்சத்திரம் நல்லா பளிச்சுன்னு தாழ்வா நிக்கும், அதுதான் அகத்தியர். ராத்திரி வானத்துல ரெண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பொதிகையில இருக்கதா சொல்ற அகத்தியர பொதிகை தெரியுற ஊர்ல படுத்துட்டுப் பாக்குறது ஒரு குஷிதான். அவர் பத்து மணிக்கெல்லாம் இறங்கிருவார். வடக்க சப்தரிஷி மண்டலம், ஏழு நட்சத்திரம் கரண்டி மாதிரி நிக்கும், அந்தக் கரண்டிக் காம்புல நடுவுல இருக்கது வசிஷ்டர், அத ஒட்டி மங்கலா அருந்ததி. என் கல்யாணத்துல பட்டப்பகல்ல மண்டப வாசல்ல நிக்க வச்சு மேல கைய நீட்டி அருந்ததி பாருங்கன்னாங்க, நானும் தலைய ஆட்டுனேன், ரெண்டு பேருமா சேந்து அத நெசமா பாத்தது இந்தக் கட்டில்லதான். அந்தக் காம்பு வளையுற போக்குலயே கண்ண ஓட்டுனா செவப்பா சுவாதி, இன்னும் ஓட்டுனா வெள்ளையா சித்திரை. சித்ரா பௌர்ணமிக்கு நிலா வந்து நிக்கிறது இந்தச் சித்திரை நட்சத்திரத்துப் பக்கத்துலதான், மாசத்துக்கு அந்தப் பேரு வந்ததே அதனாலதான், நாமளே படுத்துட்டு சரி பாத்துக்கலாம். தெக்க தென்னைமரத்துக்கு மேல நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி சாஞ்சு நிக்கும், டெல்லிப் பக்கம் இருக்கவங்களுக்கு இது முழுசா கண்ணுல படாது. நமக்கு இனாம்.

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னு இல்ல, மல்லாந்து படுத்துட்டு போன கீழ வச்சுட்டு வந்தா நாலு நாள்ல தானா பழகிரும். போன எடுத்துட்டுப் போனா அந்த வெளிச்சத்துல ஒரு நட்சத்திரமும் தெரியாது.

விடியப் போற நேரம் நாலு நாலரைக்கு கரிச்சான் கத்த ஆரம்பிக்கும், அது கத்துனா எந்திரிக்கணும்னு எங்க ஆச்சி சொல்லும், நான் திரும்பிப் படுத்துக்கிடுவேன். அது முடிச்சதும் குயில். வெளிச்சம் வந்ததும் பனை உழவாரன் குருவிக் கூட்டம் தலைக்கு மேல சர்ரு சர்ருன்னு சுத்தும், அது கூடு கட்டுறதும் பனை ஓலையிலதான். அப்படியே உக்காந்து கருப்பட்டிக் காப்பி. வெயில் முகத்துல அடிக்கிற வரைக்கும் அந்த எடத்த விட்டு எந்திரிக்க மனசு வராது, ஆபீஸ் இருக்க நாள்லயும்.

கொறைகள சொல்லாம விட்டா இது விளம்பரம் ஆயிரும். மழை இதுக்கு ஆகவே ஆகாது. நனைஞ்ச நார் தொங்கும், கறுத்துப் பூஞ்சை புடிக்கும். "தண்ணி மட்டும் பட விடாதிய, மத்தபடி பேரன் காலத்துக்கும் கெடக்கும்"னு அண்ணாச்சி சொல்லித்தான் அனுப்புனார். பேரன் காலம் எனக்குத் தெரியாது, ஆனா தார்ப்பாய் ஒண்ணு பக்கத்துலயே வச்சுக்கோங்க. பாதி ராத்திரியில கோடை மழை வந்தா கட்டிலத் தூக்கி ஷெட்டுக்குள்ள போட ரெண்டு ஆள் வேணும், ஒருத்தரா முடியாது. கார்த்திகை மார்கழியில பனி எறங்கும், மாடிக்கு லாயக்கில்ல, ஹாலுக்குள்ள கொண்டு வந்துரணும், எங்க வீட்டுல எப்படிக் கொண்டு வர்றதுன்னு இன்னும் யோசனையிலதான் இருக்கோம். ஆனி ஆடியில மேக்க இருந்து அடிக்கிற காத்து வேற, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க, கட்டில் அசையாது, போர்வையும் தலகாணியும் பக்கத்து வீட்டுல போய்த்தான் எடுக்கணும். காத்து இல்லாத நாள்ல கொசு. நாலு கால்லயும் மூங்கில் கட்டி வலை போட்டுருக்கேன், வலைக்குள்ள இருந்து பாத்தா நட்சத்திரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

ரெண்டு பேரு படுக்க மூணரை அடி பத்தாது, அகலம் கூட்டுனா நடுவுல தொய்யுமாம். ஆளுக்கு ஒண்ணா ரெண்டு வாங்குறதுதான் சரி. சின்னப் பிள்ளைக மேல ஏறிக் குதிக்கக் கூடாதுன்னு சொல்லலாம், கேக்காதுக. பூனை இருக்க வீடுன்னா யோசிங்க, நகம் தீட்ட இத விட நல்ல எடம் அதுக்குக் கெடைக்காது. மூட்டைப்பூச்சி வந்துரும்னு பயப்படுறாங்க, மாசத்துக்கு ஒரு நாள் நல்ல வெயில்ல போட்டு, சட்டம் சேர்ற மூலையெல்லாம் கம்பால தட்டிவிட்டா எங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

நாடாக் கட்டில், கயித்துக் கட்டில், நைலான் ஒயர் கட்டில் எல்லாம் எங்க வீட்டுல ஒரு காலத்துல இருந்ததுதான். நாடா மெத்துன்னு இருக்கும், ஆனா அடிக்கடி இழுத்துக் கட்டணும். தேங்காய் நார்க் கயிறு ஒழைக்கும், குத்தும். நைலான் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், வெலயும் கொறவு, படுத்தா முதுகு வேர்த்து வழியும். மழைக்குப் பயந்து தூக்கிட்டு ஓட முடியாதவங்களுக்கு நைலானே போதும், அதுல படுத்தாலும் அகத்தியர் தெரியத்தான் செய்வார். எனக்குப் பனை நார் புடிச்சது அந்த வாசனைக்காகவும்தான், புதுசுல லேசா ஈர ஓலை வாசம் ஒண்ணு வரும், ஒரு மாசத்துல போயிருது.

14,000 ரூவா இதுக்கு அதிகமான்னா, ஏசி கரண்டு பில்லு இந்தக் கோடையில பாதிக்கும் கீழ வந்துருக்கு, ஆனா அந்தக் கணக்குப் பாத்து நான் வாங்கல. வருஷா வருஷம் லீவுக்கு எங்கயாவது ரூம் போட்டு மலையப் பாக்கப் போவோம், இந்த வருஷம் பிள்ளைகளே போக வேண்டாம்னுட்டாங்க, ராத்திரி யாரு கட்டில்ல படுக்குறதுன்னு சண்டை.

வாங்கணும்னு நெனைக்கிறவங்க உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போய் விசாரிச்சா பின்னுற வீடு காட்டுவாங்க. தை மாசியிலயே சொல்லி வச்சுருங்க, சித்திரையில போய் நின்னா ஆர்டர் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் ஆடியிலதான் கைக்கு வரும். முன்பணமா பாதி குடுக்கணும். பின்னி முடிச்சதும் நாரு நடுவுல கைய வச்சு நல்லா அமுக்கிப் பாருங்க, உள்ளங்கை கொஞ்சந்தான் எறங்கணும், அதிகமா எறங்குனா இன்னொரு இழுப்பு இழுத்துத் தரச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. போகும்போது மாடிப்படி அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து எழுதி எடுத்துட்டுப் போங்க.