ஐசுசூவா, பிஎம்சியா? பழைய அம்பாசிடரில் எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு வீடு. ஓலைக் கொட்டகைக்குள் வெள்ளை அம்பாசிடர். மைத்துனர் டயரை உதைத்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். விற்பவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஐசுசூ சார்." அதற்குமேல் விலை பேச வேண்டியதே இல்லை என்கிற தோரணை. ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தேன். 1984 மாடல், பெட்ரோல், 1489 சி.சி.

ஐசுசூ என்பது ஜப்பான் கம்பெனியின் இன்ஜின். அது அம்பாசிடருக்குள் வந்ததே 1990களில்தான். ஆகவே அந்த வண்டி ஐசுசூவோடு பிறக்கவில்லை. ஒன்று, யாரோ மாற்றியிருக்கிறார்கள். இல்லை, அவர் சும்மா சொல்கிறார்.

கம்பெனியே போட்ட இன்ஜின்களில் இன்று பழைய வண்டிகளில் பார்க்கக்கூடியவை நான்கு. 1489 சி.சி. பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல். அதே பிஎம்சி குடும்பத்து டீசல். 1817 சி.சி. ஐசுசூ பெட்ரோல். 1995 சி.சி. ஐசுசூ டீசல். ஐசுசூ இரண்டும் அதே கம்பெனியின் காண்டசா காரிலும் இருந்தவை. பாடி துருப்பிடித்துப் போன காண்டசாவிலிருந்து கழற்றி அம்பாசிடரில் ஏற்றுவது பட்டறைகளில் பழகிய வேலை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் மடாடர் வேனின் இன்ஜினைத் தூக்கிவைத்த வண்டிகளும் உண்டு. கீழே சொல்லும் எந்த அடையாளத்துக்கும் ஒத்துவராத டீசலைப் பார்த்தால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம்.

சி.சி.யை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். பாதிதான் முடியும். பிஎம்சி பெட்ரோலும் டீசலும் போர் (சிலிண்டரின் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் ஒன்றே, இரண்டுமே 1489. ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பார்த்தால் குடும்பம் தெரியும், ஆள் தெரியாது. அப்புறம், ஆர்.சி. சொல்வது வண்டி பதிவான அன்று என்ன இருந்தது என்பதைத்தான். நேற்று பட்டறையில் நடந்தது அதற்குத் தெரியாது.

சரி, பானெட்டைத் திறப்போம். பெட்ரோலா டீசலா என்பது ஒரு நிமிட வேலை. ஸ்பார்க் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் இருந்தால் பெட்ரோல். கனமான இரும்புக் குழாய்கள் பம்பிலிருந்து, டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலுக்கும் போனால் டீசல். இதில் யாரும் ஏமாறுவதில்லை.

ஏமாறுவது பிஎம்சியா ஐசுசூவா என்பதில். பெரும்பாலோர் மேல்மூடியில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். பிஎம்சியின் வால்வு கவர் இரண்டே நட்டில் நிற்கிறது. கழற்றிப் பெயின்ட் அடித்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். பார்க்க வேண்டியது இன்ஜினின் முன்முகத்தை. ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஎம்சியில் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள், கீழே இருக்கிறது. புஷ்ராடு என்கிற கம்பிகள்தான் அதன் அசைவை மேலே வால்வுகளுக்குக் கொண்டுபோகின்றன. அதனால் டைமிங் கவர் (கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் செயின் அல்லது பெல்ட்டின் மூடி) குள்ளமாக, பிளாக்கின் கீழ்ப்பாதியோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஹெட்டின் முன்பக்கம் மொட்டையாக இருக்கும். ஐசுசூவில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. கீழே கிராங்கிலிருந்து மேலே மூடி வரைக்கும் கவர் உயர்ந்து போகும். இந்த உயரத்தை எந்தப் பெயின்டாலும் மறைக்க முடியாது.

பெட்ரோலாக இருந்தால் இன்னொரு சாட்சியும் உண்டு. பிஎம்சியில் கார்பரேட்டரும் சைலன்சர் குழாயும் ஒரே பக்கம், இடப்பக்கம். பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம். ஐசுசூ பெட்ரோலில் காற்று ஒரு பக்கம் நுழைந்து புகை எதிர்ப்பக்கம் போகிறது. ஐசுசூ டீசலில் ஆல்டர்னேட்டரின் முதுகைத் தடவிப் பாருங்கள். பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கியரை வைத்துச் சொல்பவர்களும் உண்டு: கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தால் பிஎம்சி, கீழே தரையில் ஐந்து கியர் என்றால் ஐசுசூ என்று. பொதுவாகச் சரிதான். ஆனால் கியர் பாக்ஸைத் தனியாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள், நான் அதை முழுசாக நம்ப மாட்டேன். கால்மிதியைத் தூக்கி, கியர் கம்பிக்காகத் தரையில் இருக்கும் ஓட்டையைப் பார்ப்பேன். பட்டறையில் கேஸ் வைத்து அறுத்ததென்றால் விளிம்பு கையைக் கிழிக்கும்.

பொள்ளாச்சி வண்டியில் முன் கவர் உயரமாகத்தான் இருந்தது. நாலு நாசில். ஆல்டர்னேட்டர் முதுகில் பம்ப். ஆக விற்பவர் பொய் சொல்லவில்லை, ஐசுசூ டீசல்தான். வண்டியின் பாடியில் பழைய காயில் பிராக்கெட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம். பின்னால் குனிந்து பார்த்தேன். பெட்ரோல் வண்டிக்கு டேங்கிலிருந்து முன்னால் போக ஒரு லைன் போதும். டீசலுக்கு மிச்ச எண்ணெய் திரும்பிவர இன்னொரு லைன் வேண்டும். அந்த இரண்டாவது லைன் ஒரு ரப்பர் டியூப். சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, பைண்டிங் கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். மாற்றியவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்பதை அந்தக் கம்பி சொல்லிவிட்டது.

இனி எதை விரும்பி எடுப்பது? தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு என் ஓட்டு ஐசுசூ டீசலுக்குத்தான். வண்டியின் எடைக்கு ஏற்ற இன்ஜின். ஆனால் அதில் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஐசுசூ பெட்ரோலில் செயின், அந்தப் பயம் குறைவு. 75 குதிரைத் திறன், நான்கில் ஓட்டச் சுகமானது அதுதான், பெட்ரோல் போடக் கை வலிக்கும். பிஎம்சி பெட்ரோல் ஞாயிற்றுக்கிழமை வண்டி. வேகம் வராது, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்து, பிளக்கைத் துடைத்து, நடுரோட்டிலேயே கிளப்பிவிடலாம். பிஎம்சி டீசலை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 37 குதிரைத் திறனை வைத்துக்கொண்டு வால்பாறை ஏறுவது பொறுமைக்கான பயிற்சி. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஓட்டுங்கள், தேடிப்போய் வாங்க வேண்டாம்.

கம்பெனியில் பிறந்த ஐசுசூவுக்கும் பட்டறையில் ஏறிய ஐசுசூவுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். காகிதத்தில் வித்தியாசம் பெரிது. இன்ஜின் மாற்றினால் பதிவு அலுவலகத்தின் அனுமதியோடு ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எரிபொருள் மாறினால் அதுவும். ஏற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இன்ஜின் நம்பரை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போனாலும் அதே கேள்விதான்.

எனவே நம்பரைப் படித்தே ஆக வேண்டும். கண்ணால் அல்ல. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கிரீஸைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் எழும்பி வரும். உளியால் திருத்திய இடம் இருந்தால் அதுவும் தாளில் மேடுபள்ளமாகத் தெரியும். பிஎம்சியாக இருந்தால் பிளாக்கின் வலப்பக்கம் தேடுங்கள்.

நான் தாளை எடுத்துத் தேய்த்தேன். நம்பர் சுத்தமாக வந்தது, திருத்தல் எதுவும் இல்லை. ஆர்.சி.யில் இருந்த நம்பரோடு ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. "இந்த இன்ஜின் வாங்கிய பில் இருக்கா அண்ணா?" என்று மைத்துனர் கேட்டார். "அப்பா காலத்துல மாத்தினது தம்பி, பில்லுக்கு எங்க போக? அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஏஜென்ட்டைப் பிடிச்சா முடிஞ்சிடும்" என்றார் அவர். "அப்ப நீங்களே முடிச்சுட்டு ஒரு போன் பண்ணுங்கண்ணா, நாளைக்கே பணத்தோட வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்று மாதம் ஆகிறது. போன் வரவில்லை.