எட்டு வருஷத்து டபுள் பேரலும் தானாகப் பூட்டாத சேஃப்டியும்

"ஏனுங் மாப்ளே, உங்க சாளைல இருக்கறாப்ல நானும் ஒரு துப்பாக்கி எடுக்கலாம்னு இருக்கறனுங்க. எப்புடிங்க அது?"

மச்சான் கேட்டது நியாயமான கேள்விதான். பல்லடம் பக்கம் 2024-ல், சிவகிரி பக்கம் 2025-ல், சாளை என்கிற தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொன்றுபோட்ட சேதி வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. துப்பாக்கி ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்த வாரம் அது. நான் கடுப்பின் உச்சத்தில் இருந்தேன். அதையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

குழல் அளவு பன்னிரண்டு போர் (bore), பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல். அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கியது. ஐயனுக்கு (அப்பாவுக்கு) எழுபது தாண்டியதும் 2018-ல் என் பேருக்கு மாறியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளிக் குழலை மடக்கினால், இரண்டு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரியும். இருபதடி தள்ளி நிற்கிற குழந்தைக்கும் அது காலி என்று விளங்கும். பிஸ்டலில் அப்படி இல்லை. லைசன்ஸ் மாறிய சமயம் பயிற்சிக்குப் போனபோது, ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நம்புவதும், உள்ளே குழலின் பின்பக்க அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருப்பதும் பழகின போலீஸ்காரருக்கே நடக்கும் என்பார். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, சுண்டுவிரலை இரண்டு அறைக்குள்ளும் விட்டுப் பார்க்க வைப்பார். "ராத்திரில கரண்டு இருக்காதுங்க தம்பி, வெரலு இருக்கும்."

அவரிடம் நான் வாங்கிய திட்டெல்லாம் சேஃப்டிக்காகத்தான், அதாவது ட்ரிக்கரைப் பூட்டி வைக்கும் சின்னப் பொத்தானுக்காக. இந்தத் துப்பாக்கியில் மடக்கும் ஒவ்வொரு தடவையும் சேஃப்டி தானாகப் பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும். தோட்டா போட்டு, மூடி, குறிபார்த்து, ட்ரிக்கரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. கட்டைவிரலால் முன்னே தள்ள மறந்திருப்பேன். எட்டு வருஷமாக ரேஞ்சுக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவையாவது இது நடக்கும். பக்கத்தில் நிற்கிறவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஏட்டையாவிடமே கேட்டேன், இது இருந்து என்ன பிரயோஜனம் என்று. "பிரயோஜனம் இருக்குதுங்க, ஆனா நம்பாதீங்க" என்றார். இந்த வகையில் பெரும்பாலும் சேஃப்டி பிடித்து வைப்பது ட்ரிக்கரை மட்டும். உள்ளே சுத்தியல் ஒரு சின்ன வெட்டில் தொற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஓங்கி அடிபட்டால் வெட்டு நழுவும், ட்ரிக்கரைத் தொடாமலே வெடிக்கும்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. எங்கள் மாட்டுக் கட்டுத்தரையில் ஒரு பனங்கை, அதாவது ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டம், இருக்கிறது. அதன் அடிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்கும். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில், ஐயன் ராத்திரி தோப்பைச் சுற்றிவிட்டு வந்து, தோட்டாவைக் கழற்றாமல் தூணில் சாய்த்து வைத்தார். கன்றுக்குட்டி முட்டித் துப்பாக்கி கல்தரையில் விழுந்து வெடித்தது. ஓடு நொறுங்கி எல்லோர் தலையிலும் கொட்டியது. "சேஃப்டி போட்டுத்தானே வெச்சேன்" என்று ஐயன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு ஏட்டையா சொல்லித்தான் தெரிந்தது. கூரை ஓடுகளை மாற்றிவிட்டோம், பனங்கையை மாற்றவில்லை.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019, 2021, 2024 என்று மூன்று பொதுத்தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கினேன். கடைசித் தடவை குழலுக்குள் துருப் புள்ளிகளோடு திரும்பி வந்தது. எண்ணெய் போட்டு இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நெம்புகோலும் இறுக ஆரம்பித்ததும், கோயமுத்தூரில் லைசன்ஸ் உள்ள ஒரு கடையில் விட்டேன். மூன்று வாரம், மூவாயிரத்து ஐநூறு ரூபாய். வேலை சுத்தம், அதை மறைக்கக் கூடாது. குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. நெம்புகோல் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பழைய துப்பாக்கி என்பதால் அறையை அளந்து, 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டாதான் போட வேண்டும், 70 போட்டால் உள்ளே சுலபமாக நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும் என்று கடைக்காரர் சீட்டிலேயே எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, வெடிக்காத டம்மி தோட்டா இரண்டைப் போட்டு மூடினேன். பழக்கத்தில் கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளப் போனது. அது ஏற்கெனவே முன்னால் இருந்தது. மறுபடி மடக்கினேன், மூடினேன். அசையவே இல்லை. தானாகப் பூட்டுகிற இணைப்பை எடுத்துவிட்டிருக்கிறார்கள். போன் போட்டால், "எல்லாரும் அப்புடித்தானுங்க கேக்கறாங்க, போட்டிக்குப் போறவங்களுக்கு அது தொந்தரவு" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. எட்டு வருஷம் நானே அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என்னைக் கேட்காமல் எடுத்தது எந்த ஊர் நியாயம்? சீட்டில் மில்லிக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இதை ஒரு வரி எழுதக் கை வரவில்லையா?

இப்போது மச்சானுக்குப் பதில். வாங்காதீங்க. முறைப்படி வைத்தால் துப்பாக்கி பீரோவில், தோட்டா வேறு பெட்டியில். அந்தச் சாவி என் வீட்டுக்காரியிடம். ஒருநாள் ராத்திரி கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எழுந்து, இரண்டையும் எடுத்து, போட்டு மூட நான்கு நிமிஷம். அதற்குள் வருகிறவன் வந்துவிடுவான். முறைப்படி வைக்கவில்லை என்றால் என் பனங்கையை வந்து பாருங்கள். 2016 ஆயுத விதிகளுக்குப் பிறகு பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை என்று நடை வேறு. நாலு நாட்டு நாயும் நல்ல லைட்டும் போடுங்கள். ஊர்த் திருவிழா நோம்பிக்கு ஒரு வெடி போடச் சொல்லிக் கேட்கும் பங்காளிகளின் தொல்லையும் மிச்சம். அப்படி அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம் உங்களுடையதை வித்துடலாமே என்று மச்சான் கேட்டார். விற்கவில்லை. அந்த இணைப்பைத் திரும்பப் போடச் சொல்லி மறுபடி கடையில் கொடுத்திருக்கிறேன், தனிக்காசு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டம்மி தோட்டா இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். கவுன்ட்டரிலேயே பத்துத் தடவை மடக்கி மூடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.