கிண்டிலில் ஏழு வருடம்: அணிந்துரையைக் கடைசிக்குக் கொண்டுபோன அனுபவம்

2018 கடைசியில் என் முதல் நாவலை அமேசான் கிண்டிலில் ஏற்றினேன். பிறகு இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு குறுநாவல். நான்கையும் நானே வெளியிட்டேன். சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்காக, அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது விற்பனைக் கணக்கைவிடப் பக்கக் கணக்குதான். கேடிபி என்பது கிண்டிலில் நாமே புத்தகம் ஏற்றும் அமேசான் தளம்; மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தருவதாக ஒப்புக்கொண்டு சேரும் அதன் திட்டம்தான் செலக்ட். அதில் சேர்த்த புத்தகத்தைக் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் இருப்பவர்கள் படித்தால், அன்றன்று எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அறிக்கையில் தெரியும். அந்தக் கணக்குப்படி என் நாவல் 212 பக்கம். ஆரம்பத்தில் ஒரு நாள் 12, இன்னொரு நாள் 13, நடுவில் சில நாள் ஒன்றுமில்லை, மறுபடி 13. ஏன் அங்கேயே நிற்கிறது என்று கோப்பைத் திறந்தேன். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி எல்லாம் முடிந்து கதை தொடங்குவதே ஏறத்தாழ 14ஆம் பக்கத்தில். வந்தவர்கள் வாசலோடு திரும்பியிருக்கிறார்கள்.

வாங்குமுன் புரட்டிப் பார்க்கக் கிடைக்கும் மாதிரியும் புத்தகத்தின் முதல் 10 சதவீதம்தான். அதில் பாதிக்கு மேல் உரைகளே போய்விட்டால் கதைக்கு என்ன மிஞ்சும்? அணிந்துரை தந்தவர் வயதில் மூத்தவர். கேட்கவே ஒரு வாரம் தயங்கினேன். "ஐயா, உங்க கட்டுரையைக் கடைசியில வச்சுக்கலாமா?" என்றதும், "கதையைப் படிச்சுட்டு வர்றவங்ககிட்ட பேசத்தாம்மா எனக்கும் பிடிக்கும், வச்சுக்கோ" என்றார். மாற்றி ஏற்றினேன், திருத்திய கோப்பை ஏற்றக் கட்டணம் கிடையாது. அடுத்த மாதம் ஒரு நாள் 212 என்று வந்தது. யாரோ ஒருவர் ஒரே மூச்சில் முடித்திருக்கிறார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

பணம்? சந்தாவில் படிக்கும் பக்கத்துக்கு எனக்குப் பத்துப் பைசாவை ஒட்டித்தான் வந்திருக்கிறது, மாதத்துக்கு மாதம் மாறும். ஒருவர் முழுதாகப் படித்தால் இருபது ரூபாய் சொச்சம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35. செலக்டில் இருக்கும் 90 நாளும் அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. முகநூலில் தொடராகப் போட்ட அத்தியாயங்களை நான் நீக்க வேண்டியிருந்தது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை.

எழுத்துரு விஷயத்தில் கவனமாக இருங்கள். என் பழைய கதைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. இப்போது எல்லாக் கருவியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றியபின் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் 'கொ' சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக உட்கார்ந்திருந்தது. தேடினால் சொல் அகப்படவில்லை. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர', 'ஔ'வுக்குப் பதில் 'ஒள' என்று வேறு. மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுத்த பணம்தான் இந்த ஏழு வருடத்தில் நான் செய்த நல்ல செலவு. அட்டைக்குச் செலவழிப்பதைவிட முதலில் அவருக்குக் கொடுங்கள்.

அச்சில் அவசரப்பட்டேன். முதல் தடவையே 300 பிரதி. ஒரு சித்திரை வெயிலில் பசை விட்டு, விரித்தால் தாள் கையோடு வந்தது, அச்சகத்தார் பொறுப்பேற்கவில்லை. இப்போது வேறு இடத்தில் 30, 40 பிரதியாக அடிக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கட்டிலுக்கடியில் கட்டு சேர்வதில்லை. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு பதிப்பகக் கடையில் 40 சதவீதக் கழிவில் வைத்தேன். விற்றது, கணக்கு வர எட்டு மாதம் ஆனது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில், செலக்டில் கிடைக்கும் ஐந்து நாள் இலவசச் சலுகை எனக்குப் பெரிதாக உதவவில்லை. தரவிறக்கம் குவிந்தது, அதற்கேற்ற கருத்துரை வரவில்லை. அட்டைப்படத்தைப் பகிர்ந்தால் வாழ்த்து வரும். நாவலிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே வாட்ஸ்அப் வாசகர் குழுவில் போட்டால்தான் "எங்க கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். கிண்டிலில் ஏற்றும்போது கொடுக்கும் தேடல் சொற்களில் தலைப்பை ஆங்கில எழுத்திலும் சேர்த்துவிடுங்கள். பலர் அப்படித்தான் தட்டச்சிடுகிறார்கள்.

அடுத்த நாவல் மெய்ப்பில் இருக்கிறது. இந்த முறை முதல் பக்கத்திலேயே கதை தொடங்கிவிடும்.