நாற்காலிகளைப் படமெடுக்க வியன்னாவா, கோபன்ஹேகனா?

மரச்சாமான் பித்துப் பிடித்த கேமராக்காரர்கள் பலரும் கேட்பது இது: இரண்டில் ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது, எதற்குப் போகலாம்?

கைவேலை
வியன்னா: மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி, 1859. நீராவியில் இளக்கி வளைத்த பீச் மரம். 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கிவிடும்!
கோபன்ஹேகன்: ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த ஒய் நாற்காலி, முதுகுப் பக்கம் ஆங்கில Y வடிவில் இருக்கும். இருக்கை முழுக்கக் காகிதக் கயிறு, சுமார் 120 மீட்டர், கையாலேயே பின்னியது. நான்கு பக்கத்திலிருந்தும் வரும் வரிசைகள் நடுவில் வந்து சேரும். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை மறந்துவிடாதீர்கள்.

ஒளி
வியன்னா: எம்ஏகே அருங்காட்சியகத்தில் தோனெட் நாற்காலிகள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிழலுருவாக நிற்கின்றன. வளைகோட்டைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.
கோபன்ஹேகன்: டிசைன் மியூசியத்தில் ஒவ்வொரு நாற்காலியும் விளக்குப் போட்ட தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. அழகுதான், ஆனால் எல்லோர் படமும் ஒரே மாதிரி வரும். டிசம்பரில் பகல் 7 மணி நேரம்தான், ஜூனில் 17ஐத் தாண்டும்.

செலவு
வியன்னா: காபிக் கடையில் ஒரு காபி வாங்கிக்கொண்டு, அங்குள்ள பழைய நாற்காலிகளைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்காரலாம்.
கோபன்ஹேகன்: கையைக் கடிக்கும்.

கருப்பு வெள்ளையும், ஆள் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலியும் பிடித்தால் வியன்னா. பின்னல், மரத்தின் இழை, இணைப்பு என்று நெருங்கிப் பார்ப்பவர்களுக்கு கோபன்ஹேகன், அதுவும் கோடையில்.